காலைக் குழாய்த் தண்ணீர்: ஓடவிடுவதா, ஆர்.ஓ.வா?

மும்பை மாட்டுங்காவில் பழைய கட்டடத்தில் குடியிருக்கிறீர்களா? பித்தளைக் குழாயிலோ பற்றவைப்பிலோ ஈயம் இருந்தால், இரவு முழுக்கத் தேங்கும் தண்ணீரில் அது கரையும். காலையில் சில நிமிடம் ஓடவிட்டால் குறையும், செலவும் இல்லை. பிடித்து வைத்தால் வீடு துடைக்க ஆகும். ஆனால் கட்டடத்துக்கு வரும் குழாயே ஈயம் என்றால் இது போதாது.

ஆர்.ஓ., அதாவது தண்ணீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் கருவி, ஈயத்தைப் பெருமளவு நீக்கும். சவ்வை நேரத்துக்கு மாற்ற வேண்டும், கழிவுநீரும் அதிகம். அப்புறம், ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகள் குறைவு. செம்பை எளிதில் அரிக்கும். அதனால் செம்புக் குழாய் வழியே கொண்டுபோகாதீர்கள்.

கொதிக்கவைத்தால் ஈயம் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு நான் ஆர்.ஓ.வைத்தான் சொல்வேன். அதற்கு முன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள்: ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.