படகின் அடியைச் சுத்தம் செய்தல்: சுரண்டியா, பிரஷர் வாஷா?

கன்னியாகுமரி அருகே சின்னமுட்டம் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகுகளைக் கரையேற்றி அடி பார்ப்போம். எங்களுக்கு மரப்படகு ஒன்றும், மைத்துனரோடு கூட்டாக வாங்கிய இரும்புப்படகு ஒன்றும் உண்டு. இம்முறை இரும்புப்படகுக்கு, அழுத்தத்தோடு தண்ணீரைப் பீச்சிக் கழுவும் தனியார் பிரஷர் வாஷ் குழு ஒன்றையும், மரப்படகுக்கு வழக்கமாக வந்து சுரண்டியால் சுரண்டும் கைவேலைக்காரர்களையும் அழைத்திருந்தோம்.

இரும்பில் அவர்கள் செய்த வேலையைக் குறை சொல்ல இடமில்லை. கையால் சுரண்டினால் நான்கு நாள் இழுக்கும் பரப்பு, மதியத்துக்குள் பாசி நீங்கி வெளுத்துவிட்டது. அதைவிட முக்கியமானது, நல்ல தண்ணீரால் கழுவியதால் உப்பும் போய்விட்டது. உப்பு தங்கிய இரும்பின்மேல் பூசினால் பெயிண்ட் கொப்புளித்து உரிந்துவிடும் என்பதைச் சென்ற ஆண்டு செலவழித்துக் கற்றிருக்கிறோம். துருப்பிடிக்காமல் காக்கும் துத்தநாகக் கட்டிகளையும், மீன் பார்க்கும் கருவியின் உணரியையும் முன்கூட்டியே மூடிக்கொண்டார்கள்.

வேலை சீக்கிரம் முடிந்ததால், மரப்படகின் இடப்பக்கத்தையும் கழுவித் தருவதாகச் சொன்னார்கள், நானும் சம்மதித்தேன். அதுதான் தவறு. பீச்சுமுனையைப் பலகை இணைப்பின் நெடுகே பிடித்ததில், கலப்பத்து வேலையில், அதாவது தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் வேலையில், இறுக்கியிருந்த பஞ்சு திரிதிரியாக வெளியே வந்து தொங்கியது. மரத்துக்கு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பதை அவர்கள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரியான கொட்டலசும் முழுதாகப் போகவில்லை: ஓடு உடைந்து தெறித்தாலும், அடித்தட்டு வெள்ளை வட்டமாகப் பலகையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கடைசியில் சுரண்டிதான் எடுத்தது.

வலப்பக்கத்தில் வேலை செய்த முதியவர், படகு கரையேறிய அன்று மாலையே தொடங்கிவிட்டார். “ஈரம் காயறதுக்கு முன்னே கைய வைக்கணும் மக்கா” என்பது அவர் கணக்கு. காய்ந்த கொட்டலசு சிமெண்டுபோல இறுகிவிடும். சுரண்டியை ஏறக்குறையப் படுக்கவைத்து ஏராவிலிருந்து (படகின் அடி முதுகுக்கட்டையிலிருந்து) மேல்நோக்கித் தள்ளும்போது, அடித்தட்டோடு சேர்ந்தே கழன்று விழுந்தது. பலகையைத் தட்டிப் பார்த்தே புழு அரித்த இடத்தையும் காட்டிக் கொடுத்தார்; இயந்திரத்தின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் முழுப் பக்கத்துக்கும் மூன்று நாள் ஆனது, அவருடைய முதுகும் போனது.

முன்பெல்லாம் சுரண்டிய பின் ஓலைத் தீயால் வாட்டி, மீனெண்ணெயோ, முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் அண்டி எண்ணெயோ பூசுவார்கள். முந்திரி ஆலைகள் நிறைந்த நம் மாவட்டத்தில் அண்டி எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. நாள்தோறும் மணலில் ஏற்றி வெயிலில் காயவைத்த வள்ளங்களுக்கு அது போதும். மாதக்கணக்கில் துறைமுகத் தண்ணீரிலேயே கிடக்கும் விசைப்படகுக்குப் போதாது. பாசியைத் தடுக்கும் வெள்ளீயக் கலவைப் பூச்சுகளுக்குத் தடை விதிக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபின், கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் செம்புப் பூச்சுகளே. இரும்பில் அடிப்பூச்சு இல்லாமல் அதை நேரே பூசினால் அரிப்பு கூடும்.

இரண்டு தரப்பினர் மேலும் எனக்கு ஒரே மனக்குறை, பழைய பூச்சோடு உதிர்ந்ததைத் தண்ணீரில் தள்ளிவிட்டதுதான். அடியில் ஒரு தார்ப்பாய் விரிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த ஆண்டும் இரும்புப்படகுக்கு அதே குழுவைத்தான் அழைக்கப் போகிறேன், தார்ப்பாயையும் நானே கொண்டுபோவேன். மரப்படகின் பக்கம் அவர்களுடைய குழாய் வராது; பிய்ந்த பஞ்சைத் திரும்ப அடைக்கக் கொடுத்த கூலி, கழுவியதில் மிச்சமானதை விழுங்கிவிட்டது.