எஃப்-1 விசாவில் ஒரு வார விடுமுறை: மெக்சிகோவா, கனடாவா, போர்ட்டோ ரிக்கோவா?

அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிக்கும் இந்திய மாணவர், விடுமுறைக்கு விமானக் கட்டணத்தைத் தேடுவதற்கு முன்னால், பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரையின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட வேண்டும். படிப்பு முறையாகத் தொடரும்வரை, முத்திரை காலாவதியானாலும் நாட்டுக்குள் தங்குவதற்குத் தடையில்லை; வெளியே போய்த் திரும்பும்போதுதான் அது கேட்கப்படும்.

முத்திரை செல்லுபடியாகும் நிலையில் இருந்தால் மெக்சிகோவே எளிது. அமெரிக்க விசா உள்ளவர்களிடம் மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. 180 நாட்கள் வரை தங்க அனுமதிக்கலாம். கனடா அப்படியல்ல. 100 கனடிய டாலர் விசாக் கட்டணமும், கைரேகைப் பதிவுக்கு 85 டாலரும் செலுத்தி, முடிவுக்குக் காத்திருந்து, முத்திரைக்காகப் பாஸ்போர்ட்டையும் அனுப்பிவைக்க வேண்டும். ஒரு வாரப் பயணத்துக்கு இது அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முத்திரை காலாவதியாகிவிட்டால் கணக்கு தலைகீழாகும். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ சென்று 30 நாட்களுக்குள் திரும்பும் மாணவரை, பழைய முத்திரையுடனே உள்ளே விடும் 'ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்' என்ற சலுகை அமெரிக்க விதிகளில் உண்டு. ஆனால் அது அமெரிக்காவுக்குத் திரும்புவதற்கு மட்டுமே பொருந்தும். காலாவதியான அமெரிக்க விசாவை மெக்சிகோ ஏற்காது என்பதால், அந்நாட்டு விசாவைத் தனியே வாங்காமல் அங்கே போக முடியாது. பலர் இடறுவது இங்கேதான். கனடா விசாவை முன்பே வாங்கி வைத்திருப்பவருக்கோ இப்போது கனடாவே கைகொடுக்கும்.

இச்சலுகைக்குச் செல்லுபடியாகும் ஐ-94 பதிவும் (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு), பல்கலைக்கழக அலுவலர் ஓராண்டுக்குள் பயணக் கையொப்பமிட்ட ஐ-20 படிவமும் (மாணவர் என்பதற்குப் பல்கலைக்கழகம் தரும் சான்று) வேண்டும். போன இடத்தில் அமெரிக்க விசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்திருக்கவும் கூடாது. விண்ணப்பித்துவிட்டால், அது கிடைக்கும்வரை திரும்ப வழியில்லை. டொரொன்டோ போன்ற விமான நிலையங்களில் அமெரிக்கக் குடியேற்றச் சோதனை, விமானம் ஏறுவதற்கு முன்பே கனடிய மண்ணில் நடந்துவிடுகிறது. அதற்கும் முன்னால், விமான நிறுவனக் கவுன்ட்டரில் இந்த விதியை அறியாத ஊழியர் காலாவதித் தேதியைக் காட்டி போர்டிங் பாஸ் தர மறுக்கக்கூடும் என்பதால், விதியின் அச்சுப்படி ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. நயாகராவில் ரெயின்போ பாலத்தை நடந்தே கடப்பவருக்கு அந்தக் கவுன்ட்டர் தொல்லை இல்லை.

காலாவதியான முத்திரையோடு நிம்மதியாகச் சென்றுவர ஏற்ற இடம் போர்ட்டோ ரிக்கோ என்பதே என் தேர்வு. அது அமெரிக்க ஆட்சிப்பகுதி என்பதால், அங்கே போவது நாட்டைவிட்டு வெளியேறியதாகாது. சான் ஹுவானிலிருந்து திரும்பும்போது பழம், செடி இருக்கிறதா என்று பெட்டியை வேளாண் துறையினர் ஸ்கேன் செய்வார்கள், அவ்வளவுதான். இருந்தாலும் பாஸ்போர்ட்டும் ஐ-20 படிவமும் உடனிருக்கட்டும். அமெரிக்க வர்ஜின் தீவுகளும் ஆட்சிப்பகுதியே என்றாலும், அங்கிருந்து திரும்பும்போது எல்லை அதிகாரிகள் ஆவணங்களைப் பார்ப்பார்கள். அங்கே செயின்ட் தாமஸிலிருந்து டோர்டோலாவுக்குப் படகு ஏறுபவர் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிக்குள் நுழைகிறார்; அந்தக் குறுகிய படகுப் பயணமே வெளிநாட்டுப் பயணமாகிவிடும். கியூபா நீங்கலாக அருகிலுள்ள தீவுகளுக்கும் எஃப்-1 மாணவர்களுக்கு 30 நாள் சலுகை உண்டு என்பதால் திரும்பிவிடலாம். ஆனால் மேற்சொன்ன நிபந்தனைகள் அத்தனையும் அங்கேயும் பொருந்தும்.