காசாவுக்குக் குளிர்காலத்தில்: சங்கிலியா, பனி டயரா?

பிப்ரவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் இருக்கும் காசாவுக்கு வண்டிகளைக் கூட்டாக ஓட்டிப்போவது என்று முடிவான நாளிலிருந்து எங்கள் குழுவில் ஒரே வாதம்தான். எந்த வண்டி என்ற கேள்வியே எழவில்லை. சில மாருதி ஜிம்னிகளும் ஒரு மஹிந்திரா தாரும், எல்லாம் நான்கு சக்கர இயக்க வண்டிகள், ஏற்கெனவே அவரவர் வாசலில் நின்றன. சக்கரத்துக்கு என்ன போடுவது என்பதில்தான் தகராறு. பனிக்கென்றே செய்த டயர்களை வாங்கி மாட்டுவதா, பனியில் டயர்மேல் மாட்டும் இரும்புச் சங்கிலியை டிக்கியில் போட்டுக்கொள்வதா, இருக்கிற ஆல் டெரெய்ன் (எல்லாத் தரைக்குமான) டயரே போதும் என்று துணிவதா? நான் சங்கிலிக் கட்சி. சண்டிகரிலிருந்து சங்கிலியோடு போய் வந்த பிறகும் அதே கட்சிதான். ஆகவே இங்கே நடுநிலையான தராசு எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் பாதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வழக்கின் பாதி அதில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் மணாலி வழி கிடையாது. அந்த வழியில் 4,551 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்சும் கணவாய் பனியில் மூடிக் கிடக்கும். சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ, நாக்கோ, டாபோ என்று கின்னௌர் வழியாகச் சுற்றித்தான் காசாவுக்குப் போக வேண்டும். இந்தச் சாலையின் பெரும்பகுதி, புதுப்பனி விழாத நாட்களில், வறண்ட தார்ச்சாலையோ கல்லும் புழுதியுமோதான். பனி இருப்பது துண்டு துண்டாக. வெயில் எட்டாத வளைவுகளில், சாலையைக் குறுக்கே கடக்கும் ஓடைகளில், நாக்கோவை ஒட்டிய மல்லிங் நாலா (நாலா என்றால் மலையோடை) போன்ற இடங்களில். பகலில் உருகிச் சாலையில் வழியும் நீர் இரவில் உறைந்து கண்ணாடியாகிவிடும். காலையில் வண்டி முதலில் சந்திப்பது அதைத்தான்.

நான்கு சக்கர இயக்கம் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அது வண்டியைக் கிளப்பும், நிறுத்தாது. பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. ஏற்றத்தில் ஜிம்னி சிரமமில்லாமல் ஏறும் அதே பனிக்கட்டி, இறக்கத்தில் அதன் சொல்லைக் கேட்காது. லோ ரேஞ்சில், அதாவது சக்கரம் மெதுவாகவும் வலுவாகவும் சுழலும் நிலையில், முதல் கியரைப் போட்டு எஞ்சினின் பிடியில் இறங்கினால் ஓரளவு சமாளிக்கலாம். அந்த ‘ஓரளவு’க்கு அப்பால் கை கொடுப்பது ரப்பரா, இரும்பா என்பதுதான் விஷயம்.

ஆல் டெரெய்னை மட்டும் நம்புவதைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். சேற்றுக்கும் கல்லுக்கும் அது அருமையான டயர். ஆனால் அதன் பக்கச் சுவரில் இருக்கும் ‘எம் பிளஸ் எஸ்’ (சேறும் பனியும்) என்ற குறி தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்வது. மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ பொறித்த குறி இருந்தால்தான் அது பனியில் சோதித்துத் தேறிய டயர். அந்தக் குறியுள்ள ஆல் டெரெய்னும் உண்டு. இறுகிய பனியில் மரியாதையாக நடந்துகொள்ளும். உறைந்த நாலாவின் மீது அதை மட்டும் நம்பி, ஒரு பக்கம் பள்ளத்தாக்கு இருக்கும்போது, நான் இறங்க மாட்டேன்.

பனி டயருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போகப் போகச் சாதாரண ரப்பர் விறைக்கத் தொடங்கும். பனி டயரின் ரப்பர் கலவை அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும். அதன் முகத்தில் கத்தியால் கீறியதுபோல் நெருக்கமாக இருக்கும் மெல்லிய பிளவுகள்தான் பனியைக் கவ்வுகின்றன. ஓட்டுபவருக்கு அது பெரும் நிம்மதி. எங்கும் இறங்க வேண்டாம், மண்டியிட வேண்டாம், வேகத்தைப் பாதியாக்க வேண்டாம். காசாவிலோ கேலாங்கிலோ குடியிருந்தால் நவம்பரில் மாட்டி ஏப்ரலில் கழற்றுவேன். இந்தக் கட்டுரையையும் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

நாங்கள் இருப்பது சமவெளியில். பராமரிப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பனி டயர் அங்கேதான் தோற்கிறது. அந்த இளகிய ரப்பருக்கு வெதுவெதுப்பான தார்ச்சாலை ஆகாது, தேய்ந்துகொண்டே போகும். சண்டிகரிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினால் கின்னௌர் வரை அதற்கு வேலையே இல்லை, தேய்மானம் மட்டும் உண்டு. திரும்பும்போதும் அப்படியே. புதுப் பனி டயரின் முகத்தில் இருக்கும் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். ஆஸ்திரியாவில் அது 4 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் சட்டப்படி அது பனி டயரே அல்ல. அதாவது நாம் காசு கொடுத்து வாங்கிய ஆழத்தில் பாதிதான் பனிக்கு உதவும். மீதிப் பாதி வெறும் டயர். அந்த உதவுகிற பாதியையும் கால்கா நெடுஞ்சாலைக்கும் சிம்லா ஏற்றத்துக்கும் தாரை வார்ப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

கழற்றி வைத்தாலும் செலவு நிற்காது. டயரை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் ஆண்டுக்கு இருமுறை கடைக்குப் போய் ரிம்மிலிருந்து உரித்து, மறுபடி மாட்டி, பேலன்ஸ் பார்க்க வேண்டும். அதைத் தவிர்க்கத் தனி ரிம் வாங்கினால் செலவு இன்னும் ஏறும். பிறகு நான்கு டயர்களையும் வெயில் படாத, சூடு ஏறாத இடத்தில் வைக்க வேண்டும். வட இந்திய ஜூன் மாதத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் எந்த மூலையில் சூடு ஏறாது? ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகிறது. சில கோடைகள் கழித்துப் பள்ளம் ஆழமாகவே இருக்கும், இளக்கம் போயிருக்கும். விற்கலாம் என்றால் சமவெளியில் வாங்க ஆளில்லை. மலையில் வாங்குகிறவருக்கு வயதான ரப்பர் வேண்டாம். போதாக்குறைக்கு 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டதால், நம் அளவில் நல்ல பனி டயரைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை.

சங்கிலிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பனி முடிந்த இடத்தில் கழற்றி வைத்துவிடலாம் என்பதுதான் அதன் ஒரே பெரிய குணம். எங்களுடையது போன்ற பயணத்துக்கு அது போதும். வீடு திரும்பியதும் வெந்நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, கண்ணிகளில் எண்ணெய் தடவித் தொங்கவிட்டால் பராமரிப்பு முடிந்தது. எந்தக் கண்ணியாவது பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறதா என்று கையாலேயே தடவிப் பார்த்துக்கொள்ளலாம். துருப்பிடிக்கும், ஆனால் கெட்டியாகாது, வெடிக்காது, வயதும் ஆகாது. சாதாரண இரும்புச் சங்கிலி ஒரு ஜோடி, நல்ல டயர் ஒன்றின் விலையைச் சுற்றித்தான் வரும்.

மாட்டுவதுதான் தண்டனை. அதை மறைப்பதற்கில்லை. சங்கிலியைச் சக்கரத்தின் மேல் திரைபோல் போர்த்தி, முறுக்கு இல்லாமல் நேராக்கி, முதலில் உட்பக்கக் கொண்டியை மாட்ட வேண்டும். உட்பக்கம் என்றால் கண்ணுக்குத் தெரியாத பக்கம்: கன்னத்தை மட்கார்டில் அழுத்திக்கொண்டு, தோள்வரை கையை நுழைத்து, சேறும் பனியும் ஒட்டிய டயரின் முதுகுக்குப் பின்னால் கொண்டியைத் தடவித் தேட வேண்டும். தடித்த கையுறையோடு கொண்டி அகப்படாது. கையுறை இல்லாவிட்டால் இரும்பு விரலைச் சுடும், அதாவது குளிரால். பிறகு வெளிப்பக்கக் கொண்டி. பின்பு வண்டியைச் சில அடி உருட்டி, தளர்ந்ததை மீண்டும் இறுக்க வேண்டும். இந்த இரண்டாவது இறுக்கலைத்தான் அவசரத்தில் பலர் விட்டுவிடுவார்கள். தொங்கும் நுனி சுழலும்போது மட்கார்டை அறையும், பிரேக் குழாயையும் பதம் பார்க்கும். அதனால் மீந்த நுனியைக் கம்பியால் கட்டிவிடுவது எங்கள் வழக்கமாயிற்று. மாட்டிய பிறகு மணிக்கு 40 கிலோமீட்டருக்குள்தான். காய்ந்த தார்ச்சாலை தென்பட்டதும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் குறுக்குக் கண்ணிகள் வேகமாகத் தேயும், பல்லும் ஆடும்.

கூட்டாகப் போகும்போது இந்தத் தண்டனை பாதியாகிறது. ஒருவர் விளக்குப் பிடிக்க, ஒருவர் உட்பக்கக் கொண்டிக்குப் படுக்க, ஒருவர் பின்னால் வரும் லாரியை நிறுத்த என்று ஆள் இருக்கிறது. ஆனால் அளவு ஒத்துப்போக வேண்டும். ஜிம்னிக்கு டயர் அளவு 195/80 ஆர்15. எங்கள் குழுவின் தாருக்கு 255/65 ஆர்18. ஜிம்னிகளுக்குள் சங்கிலியும் உதிரிக் கண்ணியும் கை மாறலாம். தார் தனி ஆள். எல்லா வண்டிக்கும் சேரும் என்று கடைக்காரர் சொல்வதை ஒரு காதால் மட்டும் கேளுங்கள். அகல டயருக்கு மாறிய வண்டியென்றால், சக்கரத்தின் உட்பக்கத்தில் சங்கிலி சுழல இடம் இருக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.

முன்னாலா, பின்னாலா என்ற கேள்விக்கு வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே முதல் பதில். முன்சக்கரத்தில் மட்டும் போட்டால் இறக்கத்தில் பின்பக்கம் வீசும். பின்சக்கரத்தில் மட்டும் போட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேராகவே போகப் பார்க்கும். கையேடு அனுமதித்தால் நான்கிலும் போடுவதற்கு ஈடில்லை. எங்களில் ஒரு ஜிம்னி நான்கிலும் போட்டுத்தான் இறங்கியது. அதன் ஓட்டுநர் மட்டும்தான் இறங்கும்போது பேசிக்கொண்டே வந்தார்.

டயருக்கு உறைபோல் மாட்டும் துணி உறைகளும் கிடைக்கின்றன. மாட்டுவது எளிது, எடையும் இல்லை. கல்லும் ஐஸும் மாறி மாறி வரும் கின்னௌர் சாலையில் அவை கிழிந்துவிடும் என்பது என் ஊகம். நகரத்துப் பனிக்கு நன்றாக இருக்கலாம். ஆணி பதித்த டயரை நான் ஓட்டியதில்லை. வெறும் பனிக்கட்டியில் அதன் பிடிமானத்தைப் பலரும் புகழ்கிறார்கள். தார்ச்சாலையைக் கீறிப் புழுதி கிளப்புவதால் ஜப்பான் 1990-இல் அதற்கெதிராகச் சட்டமே போட்டது. முழங்கால் ஆழப் புதுப்பனியில் சங்கிலி எப்படி என்பதிலும் என் அனுபவம் மெலிந்ததுதான். அப்படி விழுந்த அன்று டாபோவில் தங்கிவிட்டு, சாலையைத் துப்புரவு செய்யும் வண்டி போன பிறகே கிளம்பினோம்.

தார்க்கார நண்பருக்கு இந்த ஆண்டு லேவுக்கு வேலை மாற்றல். அவர் பனி டயர் வாங்குகிறார். அவருக்கு அதுதான் சரி. அவருடைய சங்கிலியைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஜிம்னிகள் எதற்கும் அது சேராது. அந்த அளவில் தார் வைத்திருப்பவர் யாராவது மார்ச்சுக்குள் கின்னௌர் போவதாக இருந்தால் நல்ல பேரம்தான். குறுக்குக் கண்ணிகள் இரண்டை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.