120 டாலர், இரண்டு மூட்டை அரிசி: கம்போடியா கிளம்புகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று முன்தினம் சாயங்காலம் நடந்தது. இன்னும் வயிறு எரிகிறது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு கம்போடியா கிளம்புகிறவர்களுக்குப் பத்து எச்சரிக்கைகள் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் என் 120 டாலர் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் காசில் பத்தாயிரத்துக்கு மேல்.

அங்கோர் கோயில்கள் இருக்கும் சியம் ரீப் ஊருக்கு வருவதற்கு முந்தைய நாள், தலைநகர் நோம் பென்னில் துவோல் ஸ்லெங் பார்த்தேன். முன்பு பள்ளிக்கூடமாக இருந்த இடம். போல் போட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் ஆட்சி அதைச் சிறையாக்கியது. குறைந்தது 12,000 பேர் உள்ளே போனார்கள். பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். சுவர் முழுக்கக் கைதிகளின் புகைப்படங்கள், அவற்றில் சின்னப் பையன்களும் உண்டு. ஆனால் எனக்கு அதைவிடவும் மனதில் தங்கியது சோற்றுக் கதைதான். ஹெக்டேருக்கு 3 டன் நெல் விளைந்தே தீர வேண்டும் என்று ஆணை போட்டுவிட்டு, நட்டு அறுத்தவர்களுக்குப் பருக்கை மிதக்கும் தண்ணீரைக் கொடுத்திருக்கிறார்கள். 1975 ஏப்ரலிலிருந்து 1979 ஜனவரி வரை நாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் செத்துப்போனார்கள். கொலை பாதி என்றால் பசியும் நோயும் பாதி. அந்த நினைப்போடு பஸ்ஸில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து வந்தவனை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று இப்போது புரிகிறது.

சியம் ரீப் பக்கத்தில் தோன்லே சாப் ஏரியில் சூரியன் மறைவதைப் பார்க்கும் படகுப் பயணம். உலகம் முழுக்க எல்லோரும் பயன்படுத்துகிற சுற்றுலா முன்பதிவுச் செயலி ஒன்றில் 22 டாலர் கட்டினேன். ஐந்துக்கு 4.8 நட்சத்திரம் போட்டிருந்தது. நம் ஊர் ஆட்டோ மாதிரியான டுக்டுக் சொன்ன நேரத்துக்கு வந்தது. அதன் முதுகில் ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல’ என்று விளம்பரம் வேறு. அதைப் படமும் எடுத்தேன், பாருங்கள்!

படகில் நான், ஓட்டுகிற பையன், ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, அவ்வளவுதான். வழிகாட்டிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என்னைப் ‘போங்’ என்று கூப்பிட்டான். நம் ஊர் ‘அண்ணா’ மாதிரி. மழைக்காலத்தில் மேகோங் நதி பெருகி, ஏரியிலிருந்து அதற்குப் போகும் ஆறு திரும்பி ஏரிக்கே ஓடுவதையும், ஏரி ஐந்தாறு மடங்கு விரிவதையும், வீடுகள் தண்ணீரோடு நகர்வதையும் அழகாகச் சொன்னான். பேச்சு மெல்லப் போல் போட் காலத்துக்குப் போனது. “மூன்று வருடம், எட்டு மாதம், இருபது நாள்” என்று எண்ணிச் சொன்னான். பாட்டிக்கு ஏழு பிள்ளைகளாம், மிஞ்சியது இரண்டு பேராம், அதில் ஒருத்திதான் இவன் அம்மாவாம். இது பொய் என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். அந்த நாட்டில் சாவு விழாத குடும்பம் அபூர்வம். உண்மையாகவே இருக்கலாம், அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

அப்புறம் மிதக்கும் பள்ளிக்கூடத்தைக் காட்டினான். அறுபது அநாதைக் குழந்தைகள் அங்கேயே சாப்பிட்டுத் தூங்குகிறார்களாம், அரிசி தீர்ந்துவிட்டதாம். நான் பர்ஸில் கை வைத்தேன். அவன் தடுத்தான். “காசு கொடுக்காதீர்கள் போங், காசு கொடுத்தால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். அரிசியாக வாங்கி உங்கள் கையாலேயே கொடுங்கள்.”

நான் கவிழ்ந்தது அங்கேதான். காசு வேண்டாம் என்று சொல்கிற ஆள் எப்படித் திருடனாக இருப்பான்?

பக்கத்திலேயே மிதக்கும் கடை. மூட்டை 60 டாலர். ஒன்று போதும் என்றேன். அறுபது பிள்ளைகளுக்கு ஒரு மூட்டை இரண்டு நாள்கூட வராது என்றான். இரண்டு வாங்கினேன். 120 டாலர். அவசரத்துக்கென்று பையின் அடியில் ஒளித்து வைத்திருந்த நூறும் ஐம்பதும். கடைக்கார அம்மா நூறு டாலர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்து ஓரம் ஓரமாகக் கிழிசல் பார்த்தார். மீதி முப்பதை நான் எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிப் பைக்குள் போட்டேன். மூட்டையை வாசலில் இறக்கினோம், பிள்ளைகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், படம் எடுத்துக்கொண்டேன். ஒரு ரசீது, ஒரு கையெழுத்து? எதுவும் இல்லை. கேட்கவே தோன்றவில்லை. கண் கலங்கிப் போயிருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ராத்திரி கெஸ்ட் ஹவுஸில் பிரான்சிலிருந்து வந்த ஒரு ஜோடி. அவர்கள் காலையில் அதே ஏரிக்குப் போயிருக்கிறார்கள். அவர்களும் படம் காட்டினார்கள். அதே வாசல். மூட்டையில் யானைப் படம், அதன் தும்பிக்கைக்குப் பக்கத்தில் கிழிந்த இடத்தைப் பச்சை நூலால் தைத்திருந்தார்கள். என் படத்திலும் அதே யானை, அதே பச்சை நூல். காலையில் அவர்கள் தானம் செய்த மூட்டையைத்தான் சாயங்காலம் எனக்கு 60 டாலருக்கு விற்றிருக்கிறார்கள். மறுநாள் காலை சந்தையில் விசாரித்தேன். கிலோ 3,000 ரியல், அதாவது முக்கால் டாலர். என் மூட்டை 25 கிலோ. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு ஆரம்பித்தது அலைச்சல். செயலியின் அரட்டைப் பெட்டியில் முதலில் இயந்திரம் பேசியது, இரண்டு மணி நேரம் கழித்து மனிதர் வந்தார். “பயணம் நிறைவடைந்துவிட்டது. வழியில் நீங்கள் விருப்பப்பட்டு வாங்கிய பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல.” மறுபடி எழுதினேன். அடுத்த பயணத்துக்கு 3 டாலர் தள்ளுபடி தந்தார்கள், அதுவும் 30 நாளுக்குள் பயன்படுத்த வேண்டுமாம். 120 எங்கே, 3 எங்கே! நான் எழுதிய விமர்சனம் இன்னும் ‘பரிசீலனையில்’ இருக்கிறது. 4.8 எப்படி வந்தது என்று இப்போது தெரிகிறதா? படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பது மட்டும்தான் தங்கள் வேலை என்றார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில், “மிரட்டினார்களா? பறித்தார்களா? நீங்களாகத்தானே கொடுத்தீர்கள், அது நன்கொடை” என்று புன்னகையோடு சொல்லித் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுப்பினார்கள். கெஸ்ட் ஹவுஸ் வரவேற்பில் இருந்தவர் மட்டும் நேர்மை. “இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்” என்றார். தெரிந்தால் முன்னாடியே சொல்ல வேண்டாமா ஐயா?

அங்கோருக்கு மூன்று நாள் டிக்கெட் 62 டாலர் எடுப்பதாக இருந்தேன். 37 டாலர் ஒரு நாள் டிக்கெட்டோடு நிறுத்திக்கொண்டேன். பாற்கடல் கடையும் அந்த நீளச் சிற்பத்தை அரை மணி நேரத்தில் ஓடி ஓடிப் பார்த்தேன்.

சரி, பத்து எச்சரிக்கை என்றேன். பட்டம்பாங் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் பதினைந்து நிமிடம்தான், அதனால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஏரியில் படகை நிறுத்தி அரிசி, நோட்டுப் புத்தகம், எது வாங்கச் சொன்னாலும் வாங்காதீர்கள். குழந்தைகளைக் காட்டிக் கூப்பிடும் இடத்துக்கே போகாதீர்கள். அந்த நாட்டு அநாதை இல்லங்களில் ‘அநாதை’ என்று காட்டப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருப்பதாக ஆய்வே வந்திருக்கிறது. நான்தான் ஊரிலிருந்து கிளம்பும் முன் படிக்கவில்லை. அங்கோர் டிக்கெட்டை அதற்கென்று உள்ள அலுவலகத்திலோ அதன் அதிகாரபூர்வ இணையதளத்திலோ எடுங்கள். அதில் உங்கள் முகப் படம் இருக்கும், அடுத்தவர் டிக்கெட்டை வாங்கினால் செல்லாது. தரைவழியாக வருகிறவர்கள் எல்லைக்கு முன்பே விசா வாங்கித் தருவதாக யார் சொன்னாலும் நிற்காதீர்கள்.

இன்னொன்று. டாலர் வாங்கும்போது நோட்டை விரித்துப் பாருங்கள். ஓரத்தில் நகக்கண் அளவு கிழிந்திருந்தாலும் அங்கே யாரும் தொட மாட்டார்கள். அந்தக் கடைக்கார அம்மா எனக்கு மீதி கொடுத்த இருபது டாலர் நோட்டு அப்படிப்பட்டது. நாலு இடத்தில் நீட்டிவிட்டேன், நாலு பேரும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். ஆக, போனது 120 இல்லை, 140.