விளக்குத்தூணைச் சுற்றி ஒரு காலை நடை

முப்பது வருஷமாகத் தீபாவளித் துணி எடுக்க மதுரை விளக்குத்தூண் பக்கம் போகிறேன். அது யாருக்காக நட்ட தூண் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சென்னையிலிருந்து வந்த அக்கா மகள்தான், வழிகாட்டியோடு பழைய இடங்களைச் சுற்றிக் காட்டும் இந்த நடைக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டாள். ஆளுக்கு 400 ரூபாய். சொந்த ஊரைப் பார்க்கக் காசா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

காலை 6.30க்கு, ஷட்டர்கள் திறக்குமுன் ஆரம்பித்தார்கள். 1840களில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிற்கிறதாம் அந்தத் தூண். இடித்து மேடாக்கியவர்களுக்கு அந்த இடத்தையே கொடுத்திருக்கிறார்கள். வேலையை நடத்திய மாரட், பெருமாள் மேஸ்திரி பெயர்கள்தான் இன்று தெருப் பெயர்கள். மாரட் வீதி என்றால் மராட்டியர் வீதி என்றல்லவா நினைத்திருந்தேன்!

எனக்கு மிகவும் பிடித்தது பத்துத்தூண் சந்து. அங்கே நிற்கும் தூண்கள் திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சம். பகலில் தொங்கும் நைட்டிகளுக்கு நடுவே கண்ணில் படாது. அன்று காலியாக இருந்ததால் கருங்கல்லைத் தொட்டு, கட்டிப்பிடித்துப் பார்த்தேன். இரண்டு கையும் சேரவில்லை.

குறையும் உண்டு. வழிகாட்டித் தம்பிக்கு விஷயம் தெரிகிறது, குரல்தான் எழும்பவில்லை. ஆட்டோ ஹாரனில் பாதி போய்விட்டது. திருமலை நாயக்கர் மகாலை வெளியிலிருந்தே காட்டி முடித்துவிட்டார்கள். அதைக் கட்டணம் சொல்லும்போதே சொல்லியிருக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போங்கள், உட்கார ஒரு திண்ணைகூடக் கிடையாது.

கடைசியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்கள். சுக்கு கொஞ்சம் தூக்கல், ஆனாலும் இரண்டாவது டம்ளர் கேட்டேன்.