நர்சிங் படிப்பில் என்னோடு வந்த பொருட்கள்: பத்து வருடத்துக்குப் பிறகு

2015-ல் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தபோது கல்லூரியில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். யூனிஃபார்ம் துணி, வெள்ளை ஷூ, ஸ்டெத் (ஸ்டெதஸ்கோப்), பிபி அப்பரேட்டஸ், தெர்மாமீட்டர், இன்ச் டேப், டார்ச், செகண்ட் முள் உள்ள கைக்கடிகாரம். அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். எது எதற்கு என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. ஸ்டெத்துக்கும் பிபி செட்டுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்துவிட்டு, கடிகாரத்தைப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த கடையில் 250 ரூபாய்க்கு வாங்கினோம்.

நான்கு வருடம் படிப்பு, அப்புறம் ஆறு வருடம் வார்டு வேலை. இப்போது திரும்பிப் பார்த்தால் நாங்கள் கொடுத்த முக்கியத்துவம் கிட்டத்தட்ட தலைகீழ். அதனால் கடிகாரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

வார்டு போஸ்டிங்கில் மாணவிகளுக்குக் கிடைக்கும் முதல் வேலை டிபிஆர் பார்ப்பது. உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு. வெப்பத்துக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. நாடியை விரல் வைத்து எண்ணிவிடலாம். மூச்சை எண்ணத்தான் பொறுமை வேண்டும். நோயாளிக்குத் தெரியாமல் எண்ண வேண்டும், தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார்கள். அதற்காக நாடி பார்ப்பது போலவே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்க்க வேண்டும். நாற்பது படுக்கை உள்ள வார்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் என்பது நீண்ட நேரம். அதனால் பல சார்ட்டுகளில் மூச்சுக்கு நேராக 20, 20, 20 என்றே எழுதியிருக்கும்.

இரண்டாம் வருடம், ஓர் அரசு மருத்துவமனையின் ஆண்கள் மெடிசின் வார்டு. காய்ச்சலோடு சேர்ந்திருந்த ஒரு தாத்தா. கேஸ் ஸ்டடிக்கு அவரைத்தான் எடுத்திருந்தேன் என்பதால் அன்று முழு நிமிடமும் எண்ணினேன். 34 வந்தது. தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினேன். 36. சார்ட்டில் காலையில் 20, முந்தின நாள் மாலையில் 20, அதற்கு முன்னாலும் 20. முந்தின நாள் மாலை எழுதிய 20 என் கையெழுத்து.

ஸ்டாஃப் சிஸ்டரிடம் ஓடினேன். அவர் வந்து விரலில், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை மாட்டினார், 84 தான் காட்டியது. ஆக்சிஜன் வைத்து, டாக்டரை அழைத்து, மதியத்துக்குள் ஐசியூவுக்கு மாற்றினார்கள். ஐந்தாம் நாள் தாத்தா வார்டுக்குத் திரும்பி வந்தார். என்னைப் பார்த்து "என்ன பாப்பா, சாப்பிட்டியா?" என்றார். முந்தின நாளே எண்ணியிருந்தால் ஒரு நாள் முன்னாலேயே தெரிந்திருக்குமே என்ற நினைப்பு எனக்கு இன்றைக்கும் போகவில்லை. அன்றிலிருந்து எண்ணாமல் எண் எழுதியதில்லை.

அந்த 250 ரூபாய் கடிகாரம் படிப்பு முடியும் வரை ஓடியது. பேட்டரி இரண்டு முறை, ஸ்ட்ராப் மூன்று முறை மாற்றினேன். டிரிப் ஓட்டவும் அதுதான். 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், சாதாரண செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. கணக்கு எல்லோருக்கும் வரும். சொட்டையும் செகண்ட் முள்ளையும் ஒரே பார்வையில் பிடிப்பதுதான் பழக வேண்டியது. கடிகாரத்தைச் சொட்டு விழும் சேம்பருக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், எளிதாக வரும்.

ஒரே இடத்தில்தான் அது உதவவில்லை. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரை கழுவிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். ஆனால் மூச்சை ஒழுங்காக எண்ணியே தீர வேண்டிய இடமும் அதுதான். பிறந்த குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. கொஞ்சம் வேகமாக விடும், சில நொடி நிறுத்தும், திரும்ப விடும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகிவிடும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும் போனால் வேக மூச்சு, 2 முதல் 12 மாதம் வரை 50, அப்புறம் ஐந்து வயது வரை 40. அங்கே சட்டையில் குத்திக்கொள்ளும் பின் கடிகாரம் ஒன்றை சீனியர் அக்கா ஒருவர் கொடுத்தார். இப்போது வேலையில் நான் பயன்படுத்துவது அந்த வகைதான். கையை நன்றாகக் கழுவ முடிகிறது. சுத்தத்துக்காகவே எனக்கு அது பிடித்துவிட்டது.

அடுத்தது ஸ்டெத். முதலில் வாங்கியது சர்ஜிகல் கடையில் 350 ரூபாய். ஒன்றரை வருடத்தில் கழுத்தில் படும் இடம் விறைத்து, வெடிப்பு விட்டது. வியர்வையும் தோலின் எண்ணெய்ப்பசையும் ட்யூபைக் கெடுக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இரண்டாவதைக் காலருக்கு மேலே போட்டேன், வாரம் ஒருமுறை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன், வெயிலில் வைக்கவில்லை. ஐந்து வருடம் வந்தது.

லிட்மன் பிராண்டு ஸ்டெத் வாங்கலாமா என்று மாணவிகள் அடிக்கடி கேட்கிறார்கள். என் தோழியிடம் இருந்தது, நிறைய நாள் கடன் வாங்கிப் பார்த்திருக்கிறேன். நெஞ்சில் மெதுவாக வைத்தால் தாழ்ந்த ஒலி, அழுத்தினால் உயர்ந்த ஒலி என்று வட்டின் ஒரே பக்கத்திலேயே மாறும். இதய ஒலியும் நுரையீரல் ஒலியும் அதில் தெளிவாக வேறு வேறாகக் கேட்கும். ஆனால் முதல் இரண்டு வருடம் நாம் ஸ்டெத்தை எடுப்பது பெரும்பாலும் பிபி பார்க்கத்தான். அதற்குச் சாதாரணமானதே போதும். 1816-ல் பாரிஸில் ரெனே லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதில்தான் இந்தக் கருவியே தொடங்கியது. முதலில் காது பழகட்டும். இன்னொன்று: காதில் மாட்டும்போது முனைகள் மூக்கின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பின்பக்கம் திருப்பி மாட்டிவிட்டுச் சத்தமே கேட்கவில்லை என்று அழுத ஜூனியர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிபி செட்டில் எனக்கு நல்ல அனுபவம் இல்லை. கடிகாரம் போல வட்ட டயல் உள்ளதை வாங்கியிருந்தேன். முதல் வருடம் பிரச்சினை எதுவும் தெரியவில்லை. மூன்றாம் வருடம் கிராமத்தில் வீடு வீடாகப் போகும் போஸ்டிங். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு 132/84 என்று எழுதினேன். அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் பார்த்தபோது 142/92. கர்ப்பிணிக்கு 140/90 என்பது கவனிக்க வேண்டிய எல்லை. ஒரு வாரத்தில் ஏறியும் இருக்கலாம்தான். ஆனால் என் கருவியை எடுத்து, காற்றை முழுவதும் இறக்கிப் பார்த்தால் முள் பூஜ்ஜியத்தில் நிற்கவில்லை, கீழே போய் நின்றது. அப்படியானால் நான் எடுத்தது எல்லாமே குறைத்துக் காட்டிய அளவுகள். மேடமிடம் சொல்லி, அந்த வாரம் போன வீடுகள் அத்தனைக்கும் திரும்பப் போய் வேறு கருவியில் பார்த்தோம். வெயிலில் இரண்டு நாள் நடந்தோம்.

டயல் கருவி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் காற்று அடிக்கும் முன் முள் பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை வார்டில் உள்ள நம்பிக்கையான கருவியோடு ஒரே கையில் வைத்து ஒப்பிடுங்கள். கையில் கட்டும் பட்டையான கஃபின் உள்ளே இருக்கும் காற்றுப்பை கையைச் சுமார் 80 சதவீதம் சுற்ற வேண்டும். தடித்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் அளவு உயர்த்திக் காட்டும்.

ஷூவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போய் வாங்குங்கள். துணி ஷூ வேண்டாம். பீட்டாடின் பட்டால் கறை போகாது, ஊசி விழுந்தால் தடுக்காது.

இனி பட்டியலில் இல்லாத பொருள். பாக்கெட் நோட்டு. உள்ளங்கை அளவு, ஒன்று 15 ரூபாய். நான்கு வருடத்தில் பதினோரு நோட்டு தீர்ந்தது, அத்தனையும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். முதல் இரண்டு மாதம் உடற்கூறு வகுப்பில் எழுதவே முடியவில்லை. மேடம் சொல்வதைக் காதில் கேட்டபடி தமிழ் எழுத்திலேயே எழுதி, ராத்திரி ஹாஸ்டலில் புத்தகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் திருத்துவேன். அப்படித்தான் நோட்டு தொடங்கியது.

வார்டுக்குப் போன பிறகு அதன் வேலை மாறியது. நோயாளிகள் பாடப்புத்தகத்தின் மொழியில் பேசுவதில்லை. நெஞ்சு கரிக்குது, நெஞ்சு அடைக்குது, படபடன்னு வருது, மூச்சு வாங்குது, கிறுகிறுன்னு இருக்கு, குடையுது, நீர்க்கடுப்பு. ஒவ்வொன்றையும் அப்படியே எழுதி, பக்கத்தில் மருத்துவச் சொல் என்ன என்று சிஸ்டர்களிடம் கேட்டுக் குறித்தேன். கரிப்பதற்கும் அடைப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! கரிக்குது என்று மட்டும் சொன்னாலும் இதயத்தையும் மனதில் வைத்துக்கொள் என்று ஒரு சிஸ்டர் அடிக்கோடிட்டுச் சொன்னது அந்தப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் வருடத்துக்குள் ஆங்கில வழியில் படித்த தோழிகளும், கேரளத்திலிருந்து வந்தவர்களும் அந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கிப் படி எடுத்துக்கொண்டார்கள். தமிழ் வழி என்று நான் தலை குனிந்திருந்த நாட்கள் அதோடு முடிந்தன.

இன்சுலின் பக்கத்தைத்தான் இன்றும் அடிக்கடி நினைக்கிறேன். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ள குப்பியும் உண்டு. சிரிஞ்சில் சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். இரண்டு மூடிகளையும் கலர் பென்சிலால் வரைந்து வைத்திருந்தேன். டிரிப் ஏற்ற நரம்பில் போடும் கேனுலாவின் அளவு எண்களுக்கான நிறங்களும் அதே போல: 18 பச்சை, 20 பிங்க், 22 நீலம், 24 மஞ்சள். ஒரே ஒரு பக்கம் குறுக்குக் கோடு போட்டு அடித்தது. முதல் வருடம் படித்த மருத்துவக் கழிவுப் பை நிறங்கள் 2016 மார்ச்சில் வந்த புதிய விதிகளில் மாறி, கறுப்புப் பை போய்விட்டது. மனப்பாடம் செய்ததை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

நோட்டில் நோயாளியின் பெயர் எழுதாதீர்கள். பெட் எண்ணும் வேண்டாம். என்னுடையது ஒருமுறை கேண்டீனில் தொலைந்து, மறுநாள் கிடைத்தது. உள்ளே யாருடைய விவரமும் இல்லாததால்தான் நிம்மதியாக இருந்தேன்.

எங்கள் காலத்தில் வருடத் தேர்வு, இப்போது எட்டு செமஸ்டர். ரெக்கார்டு எழுதுவது, கையெழுத்துக்கு அலைவது, லேபர் வார்டில் நாம் பார்க்க வேண்டிய பிரசவங்களின் எண்ணிக்கை முடிய ராத்திரி காத்திருப்பது எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்று என் வார்டுக்கு வரும் மாணவிகள் சொல்கிறார்கள். பிரசவ கேஸ்களுக்குக் காத்திருந்த ராத்திரிகளில் நோட்டைப் புரட்டிப் படித்தே பாதி மருந்தியலை முடித்தேன்.

இந்த வருடம் என் சித்தி மகள் நர்சிங் சேர்கிறாள். அவளுக்குப் பின் கடிகாரம் ஒன்று, செகண்ட் முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று, பாக்கெட் நோட்டு ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன். என் பழைய நோட்டுகளில் நோயாளிகளின் சொற்கள் உள்ள மூன்றாவதையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். ஸ்டெத்தை மட்டும் அவளே கடையில் காதில் மாட்டிப் பார்த்து வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.