பழைய மேஸி டிராக்டருக்கு வீட்லயே பெயிண்ட் அடிச்சோம்: 1,850 ரூபாய் கரண்ட் ஸ்ப்ரே கன் ரிவ்யூ, நாலு மாசம் ஓட்டுன பிறகு

எங்க வண்டி மேஸி ஃபர்குசன் 1035 டிஐ, 97 மாடல், அப்பா பேர்ல எடுத்தது. மூணு சிலிண்டர் சிம்சன் இஞ்சின், 36 ஹெச்பி, இன்னிக்கும் காலைல சாவி போட்டா ஒரே இழுப்புல புடிச்சுக்கும். ஆனா மேல பாத்தா மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு, பானட் சிவப்பு வெளுத்து பழைய செங்கல் கலருக்கு வந்திருச்சு, மட்காட் ஓரமெல்லாம் துரு தின்னு தொட்டா உதிருது, கியர் பாக்ஸ் என்ன கலர்னே தெரியாத அளவுக்கு கிரீஸும் மண்ணும். டவுன்ல ஒரு டிங்கரிங் ஷெட்டுல கேட்டா பட்டி பாத்து பெயிண்ட் அடிக்க 32 ஆயிரம், வண்டிய பதினஞ்சு நாள் விட்டுட்டு போங்கன்னாங்க. சரி நாமளே அடிச்சுப் பாக்கலாம்னு ஆன்லைன்ல கைல புடிக்கிற கரண்ட் ஸ்ப்ரே கன் ஒண்ணு வாங்குனேன், அத பத்திதான் இது. கம்பெனி பேர் போடல, ஏன்னா இதே அச்சுல இதே மிஷின் பல பேர்ல வருது, நீங்க எத வாங்குனாலும் கிட்டத்தட்ட இந்த கதைதான்.

450 வாட்ஸ், 800 மில்லி கப்பு, முன்னாடி மூடிய திருப்புனா நெட்டு, படுக்கை, வட்டம்னு மூணு மாதிரி அடிக்கும். கம்ப்ரசர் வேண்டாம், சாதா பிளக்குல போட்டா மிக்ஸி மாதிரி இரைச்சலோட காத்து வரும். கூடவே அடில ஓட்டை வச்ச ஒரு குட்டி கப்பு குடுக்கறாங்க, கலந்த பெயிண்ட்ட அதுல மொண்டு எத்தன செகண்ட்ல ஒழுகி முடியுதுன்னு பாக்கறதுக்கு, அத தயவு செஞ்சு தூக்கிப் போட்றாதீங்க, இந்த மிஷின்ல நல்லா வர்றதும் வராததும் முக்கால்வாசி அந்த கப்புலதான் இருக்கு.

வாங்குனது போன ஆனி மாசம், அடிச்சது இந்த மாசி மாசம். நடுவுல எட்டு மாசம் ஏன் சும்மா கெடந்துச்சுன்னா மொத காரணம் காத்துதான். எங்க ஊரு உடுமலைப் பக்கம், பாலக்காட்டு கணவாய் காத்து வைகாசில கெளம்புச்சுன்னா ஆவணி வரைக்கும் நிக்காது, அதுக்குத்தானே சுத்தி இத்தன காத்தாடி நட்டு வச்சிருக்காங்க. ஒரு தகரத்துல டெஸ்ட் பண்ணலாம்னு கன்ன அமுக்குனேன், பாதி பெயிண்ட் தகரத்துக்கே போகல, பட்ட கொஞ்சத்துல பக்கத்து நார் மில்லு தூசி வந்து ஒட்டி முடி முளைச்ச மாதிரி ஆயிருச்சு. இந்தப் பக்கத்துக்காரங்க தை, மாசி, பங்குனி பாத்து வச்சுக்கோங்க. அதுலயும் காலைல ஒம்போது மணிக்கு மேல ஆரம்பிச்சு பன்னெண்டுக்குள்ள முடிச்சிருங்க, நான் ஒரு தடவ சாயந்தரம் அஞ்சு மணிக்கு மட்காட் உள்பக்கம் அடிச்சேன், ராத்திரி பனி எறங்கி காலைல பாத்தா பளபளப்பே இல்லாம மங்கிப் போய் கெடந்துச்சு.

பெயிண்ட் அடிக்கறது ரெண்டு நாள் வேலை, அதுக்கு முன்னாடி கழுவறதும் சுரண்டறதும் எங்களுக்கு ஒம்போது நாள். இத யாரும் எனக்கு முன்னாடியே சொல்லல, அதனால இங்க சொல்றேன். மொதல்ல டீசல்ல பிரஷ்ஷ நனைச்சு ஊற வச்சோம், ஹைட்ராலிக் பக்கமும் பின் ஆக்ஸில் அடியும் கிரீஸ் விரல் மொத்தத்துக்கு படிஞ்சிருந்துச்சு, அத பட்டித் தகட்ட வச்சு சுரண்டி எடுத்தா உள்ள வைக்கோல் துரும்பு, சோளத் தட்டு, எந்த வருஷத்துதுன்னே தெரியாத கடலைத் தோல் எல்லாம் அடுக்கடுக்கா வருது. அப்புறம் சோப்புத் தூள் கலந்த சுடுதண்ணி, அப்புறம் வாட்டர் சர்வீஸ். தண்ணி அடிக்கறப்ப ஏர் கிளீனர் வாய், டைனமோ, செல்ஃப் மோட்டார் மூணையும் கவர் போட்டு கட்டிருங்க. இவ்வளவு பண்ணியும் கடைசியா தின்னர்ல துடைச்சா துணி கருப்பாதான் வந்துச்சு, துணி வெள்ளையா வர்ற வரைக்கும் துடைக்கணும், ஏன்னா எண்ணெய் பசை ஒரு சொட்டு இருந்தாலும் அந்த எடத்துல பெயிண்ட் ஒட்டாம குழி குழியா வெலகிப் போயிரும். துடைக்க திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்குல கெடைக்குது, வெள்ளை வேஸ்ட்டா பாத்து வாங்குங்க, கலர் வேஸ்ட்டு தின்னர் பட்டா சாயம் விடுது.

துருவுக்கு கிரைண்டர்ல கம்பி பிரஷ் போட்டு ஓட்டுனோம், அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள், மேல 220. எங்க அப்பா ரெண்டு நாள் தள்ளி உக்காந்து சும்மா பாத்துட்டே இருந்தாரு, மூணாவது நாள் இடது மட்காட்டுல தாள வைக்கப் போறேன், எந்திரிச்சு வந்துட்டாரு. "அதுல எழுதியிருக்கு பாரு கண்ணு"ன்னாரு. எனக்கு ஒண்ணும் தெரியல, எல்லாம் ஒரே மங்கல். பக்கவாட்டுல வெயில் படற மாதிரி தலைய சாய்ச்சு பாத்தா, பழனி முருகன் துணைன்னு வண்டி எடுத்த புதுசுல பெயிண்டர் கையால எழுதுன எழுத்து, கலரெல்லாம் போயிருச்சு, ஆனா எழுத்தோட மேடு மட்டும் விரல் வச்சா தட்டுப்படுது, ழ கீழ ஒரு சுழி சுழிச்சு வால் மாதிரி நீட்டி விட்டிருக்காரு. "ஏனுங்கப்பா, அத எப்படிங்க விட்டுட்டு அடிக்கறது"ன்னேன். அவரே உள்ள போய் காலண்டர் தாள் ஒண்ண கிழிச்சுட்டு வந்து, அது மேல வச்சு பென்சில படுக்க வச்சு தேய்ச்சாரு, எழுத்து அப்படியே தாள்ல வந்திருச்சு. அந்த தாள இப்பவும் பீரோல வச்சிருக்கோம். புது பெயிண்ட் காஞ்ச பிறகு அத வச்சே வரைஞ்சு மஞ்சள் எனாமல்ல மறுபடி அதே எடத்துல எழுதியாச்சு. உங்க வண்டிலயும் இப்படி எதாவது இருந்தா தாள் வைக்கறதுக்கு முன்னாடி வீட்ல பெரியவங்கள கூப்ட்டு ஒரு தடவ காட்டிருங்க.

இப்ப கன் விஷயத்துக்கு வர்றேன். அடிப் பூச்சா போடற ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்க இந்த மிஷின் அருமை, டர்பன்டைன் கலந்து அந்த குட்டி கப்புல முப்பது செகண்ட்ல ஒழுகற பதத்துக்கு கொண்டு வந்துட்டா ஒரே சீரா போகுது, மட்காட் ரெண்டும் ரிம் நாலும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருச்சு. பிரஷ்ல பண்ணியிருந்தா ஒரு நாள். இஞ்சின், கியர் பாக்ஸ், முன் ஆக்ஸிலுக்கு கிரே எனாமல், அதுவும் திருப்தி, சந்து பொந்தெல்லாம் போய் ஒக்காந்துச்சு. ஆனா அடிக்கறதுக்கு முன்னாடி கிரீஸ் நிப்பிள், டிப் ஸ்டிக், ரப்பர் ஓஸ், ரேடியேட்டர் எல்லாத்தையும் மறைச்சுக்கங்க, முக்கியமா இஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இருக்கற எடத்துல கம்பி பிரஷ்ஷும் வைக்காதீங்க பெயிண்ட்டும் அப்பாதீங்க, நாளைக்கு பேர் மாத்தணும்னாலோ இன்சூரன்ஸுக்கோ அது தெளிவா தெரியணும். கலரும் ஆர்சி புக்குல இருக்கறதே அடிச்சிருங்க, ஆசைக்கு மாத்துனா ஆர்டிஓ ஆபீஸ் நடக்கணும்.

பானட்டுக்கு வந்தப்பதான் இந்த மிஷின் கைவிட்டுச்சு. பானட் பெரிய தட்டை, வெயில் அது மேலதான் அடிக்கும், யார் வந்தாலும் மொதல்ல கண்ணு அங்கதான் போகும். சிவப்பு அடிச்சா மேல சாத்துக்குடி தோல் மாதிரி புள்ளி புள்ளியா நிக்குது. இன்னும் கொஞ்சம் டர்பன்டைன் ஊத்துனா தோல் மாதிரி நிக்கறது கொறையுது, ஆனா ஓரத்துல வழிய ஆரம்பிச்சிருது. நடுநடுவுல வேற கன்னு தும்முற மாதிரி ஒரு சொட்டு துப்பும், மூக்குல பெயிண்ட் காஞ்சு சேர்றதுதான் காரணம், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா நிறுத்தி துணியால துடைச்சா கொறையுது, முழுசா நிக்கல.

இதுக்கு நடுவுல பெயிண்ட் கடைல வேற ஒரு தப்பு நடந்துச்சு. டர்பன்டைன் தீந்து போச்சுன்னு போனேன், கடைல இருந்தவரு இது அடிங்க சீக்கிரம் காயும்னு என்சி தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்டுக்கு கலக்கறது) குடுத்தாரு, நானும் கேள்வி கேக்காம வாங்கிட்டு வந்து சிவப்புல கலந்து, முந்தின நாள் அடிச்ச பிரைமர் மேல அடிச்சேன். பத்து நிமிஷத்துல பானட் நடுவுல பால் ஆடை சுருங்கற மாதிரி பெயிண்ட் மொத்தமா சுருண்டு எந்திரிச்சுச்சு. எங்க மெக்கானிக் அண்ணன கூப்ட்டு காட்டுனேன், பாத்த உடனே சொல்லிட்டாரு, பிரைமர் மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள இன்னும் பச்சையா இருக்கும், என்சி தின்னர் காரமானது, அது கீழ எறங்கி பிரைமர ஊற வச்சு தூக்கிருச்சு, எனாமலுக்கு டர்பன்டைன்தான் தம்பின்னாரு. ஒரு வாரம் பொறுத்து மொத்தத்தையும் சுரண்டி, திரும்ப தாள் போட்டு, திரும்ப பிரைமர். கடைக்காரருக்கு அது ஒரு பாட்டில் விக்கறது, எங்களுக்கு அது நாலு நாள் கை வேலை, தெரியாம ஒருத்தன் வந்து கேக்கறான்னா எது மேல அடிக்கறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு குடுத்திருக்கணும், இன்னும் எனக்கு அந்த வருத்தம் இருக்கு. நீங்க டப்பா மேல எந்த தின்னர்னு போட்டிருக்கோ அத மட்டும் வாங்குங்க, கடைல என்ன சொன்னாலும் சரி.

ரெண்டாவது தடவ பானட்டுக்கு கம்ப்ரசரும் 1.4 எம்எம் நாசில் கன்னும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன், 500 ரூபாய். அடிச்சப்பறம்தான் தெரிஞ்சுச்சு வித்தியாசம். கன்ன அரை அடி தூரத்துல நேரா புடிச்சு, மணிக்கட்ட வீசாம கை முழுசா நகர்த்தி, ஒரு பட்டை மேல அடுத்த பட்டை பாதி ஏறற மாதிரி போகணும், பானட் ஓரத்த தாண்டின பிறகுதான் விரல எடுக்கணும். மொதல் கோட்டு லேசா தூவல், பத்துப் பதினஞ்சு நிமிஷம் கழிச்சு அடுத்தது ஈரமா. கம்ப்ரசர் டேங்குல அடில தண்ணி சேரும், அத வடிச்சு விட்டுட்டு ஆரம்பிங்க. சிவப்பு ஈரமா ஒக்காந்து அதுல கொட்டகை ஓலை நெழல் தெரிஞ்சப்ப அப்பா கிட்ட வந்து பாத்துட்டு ஒண்ணும் பேசல, ஆனா அன்னிக்கு ராத்திரி டார்ச் எடுத்துட்டு போய் பாத்துட்டு வந்ததா அம்மா சொன்னாங்க.

பியு (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடிக்கலாமேன்னு நெறைய பேர் சொல்வாங்க. பளபளப்பும் ஒழைப்பும் அதுல ஜாஸ்திதான், டீசலுக்கும் அசையாது. ஆனா அது கெட்டியாக கலக்கற ஹார்ட்னர்ல ஐசோசயனேட்னு ஒரு ரசாயனம் இருக்கு, ஸ்ப்ரே பண்றப்ப அந்த புகைய இழுத்தா ஆஸ்துமா வரைக்கும் கொண்டு போய் விடும், வாய்ல துண்டு கட்டிட்டு வீட்டு வாசல்ல அடிக்கற பெயிண்ட் இல்ல அது. மொதல் தடவ பண்றவங்களுக்கு என்னோட ஓட்டு எனாமலுக்குத்தான், தப்பானா சுரண்டிட்டு மறுபடி அடிச்சுக்கலாம், செலவும் கம்மி. எனாமலுக்கும் கார்பன் மாஸ்க் போட்டுக்கங்க, நான் மொத நாள் போடாம ராத்திரி முழுக்க தலைவலி.

செலவு மொத்தம் சொன்னா, கன் 1,850, சிவப்பும் கிரேவும் ரெண்டு ரெண்டு லிட்டர், பிரைமர், பட்டி, தாள், டர்பன்டைன், சைலன்சருக்கு தனியா ஹீட் தாங்கற அலுமினியம் பெயிண்ட், வாட்டர் சர்வீஸ், கம்ப்ரசர் வாடகை, திரும்ப பண்ண செலவு எல்லாம் சேத்து 8,900 சில்லறை. எங்க ரெண்டு பேர் கூலி இதுல இல்ல.

நாலு மாசம் ஆச்சு, வண்டி ரெண்டு உழவு ஓட்டிருச்சு, தேங்கா லோடும் அடிச்சாச்சு. மட்காட், ரிம், இஞ்சின் எல்லாம் அப்படியே இருக்கு. டீசல் ஊத்தற மூடிய சுத்தி மட்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மங்கிருச்சு, டீசல் சிந்தி சிந்தி எனாமல் அங்க எளகுது, நாங்களும் அடிச்ச அஞ்சாவது நாளே டீசல் ஊத்திட்டோம், பத்துப் பதினஞ்சு நாளாவது நல்லா காய விட்டிருக்கணும். இப்ப ஊத்தறப்ப பக்கத்துலயே ஒரு துணி வச்சுக்கறோம். கால் வைக்கற எடத்துல செருப்பு பட்டு தேஞ்சிருக்கு, அது எந்த பெயிண்ட்டா இருந்தாலும் தேயும்.

கன்னுக்கு என் மார்க் அஞ்சுக்கு மூணு. பிரைமருக்கும் அடிப்பக்கத்துக்கும் காசு வசூல் ஆயிருச்சு, பானட்டுக்கு இத நம்பாதீங்க, அதுக்கு ஒரு நாள் வாடகை கம்ப்ரசர்தான். அடிச்சு முடிச்ச உடனே கப்புல டர்பன்டைன் ஊத்தி ரெண்டு நிமிஷம் ஓட்டி, நாசில் ஊசிய கழட்டி கழுவி வச்சா அடுத்த தடவ அடைக்காது. தை மாசம் டிரெய்லருக்கு பெயிண்ட் அடிக்கற வேலை இருக்கு எங்களுக்கு, அதுக்கு இந்த மிஷினே போதும், கம்பி பிரஷ் மட்டும் ரெண்டு புதுசு வாங்கணும்.